ஸ்டேட்டா, சென்ட்ரலா?

1

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு அரசாங்க உத்தியோகம் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஸ்டேட்டா, சென்ட்ரலா?" பெண் கொடுக்க வருகிறவர் கேட்பார். வீடு வாடகைக்கு விடுகிறவர் கேட்பார். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், பெயரைக்கூடக் கேட்காமல் இதைக் கேட்பார். சென்ட்ரல் என்றால் ஒரு படி கூடுதல் மரியாதை. ஸ்டேட் என்றால், "பரவால்ல, பென்ஷன் உண்டுல்ல?" என்று ஓர் ஆறுதல். இருபத்திரண்டு வருஷம் "ஸ்டேட்டுதாங்க" என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல் என் நாக்கில் ஒரு பல்லைப் போல முளைத்துவிட்டது. அது கடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில், டண்டீ என்கிற ஊரில். ஆறு கடலில் சேருகிற இடம். மழை இங்கே பெய்வதில்லை, இருக்கிறது. வீட்டில் ஒரு நாற்காலி இருப்பதுபோல அது பாட்டுக்கு இருக்கிறது. வந்து எட்டு நவம்பர் ஆகிறது. என் மனைவி செல்வராணி இங்கே மருத்துவமனையில் நர்ஸ். வேலை கிடைத்ததும் மகள் மதியைக் கூட்டிக்கொண்டு அவள் முதலில் வந்துவிட்டாள். சிவகாசியில் துணை வட்டாட்சியராக இருந்த நான், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்தேன். விருப்ப ஓய்வு. அதில் விருப்பம் யாருடையது என்று கேட்க அந்த மனுவில் இடமில்லை.

இங்கே வாரத்தில் மூன்று காலை ஒரு பெரிய கடையில் சாமான் அடுக்குகிறேன். அது போக, மாதா மாதம் ஊரிலிருந்து பென்ஷன் என் கணக்கில் விழுகிறது. இந்த ஊர் வரிப் படிவத்தை நிரப்பும்போது ஒரு கட்டத்தில் கேட்டிருந்தார்கள்: ஸ்டேட் பென்ஷன் பெறுகிறீர்களா? ஆகா, என்னை அறிந்தவர்கள் கேட்ட மாதிரி இருந்தது. பெறுகிறேன். தமிழ்நாடு ஸ்டேட். தொகையை எழுதி அனுப்பினேன்.

உடனே தொலைபேசியில் கூப்பிடும்படி வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

2

காத்திருப்பு இசை முடிந்து ஒரு பெண் பேசினாள். நல்ல பெண். ஸ்காட்லாந்து ஆங்கிலம், பாதி புரிந்தது, மீதியை ஊகித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு ஐம்பத்து மூன்று வயதுதானே ஆகிறது? ஸ்டேட் பென்ஷன் எப்படி வாங்குகிறீர்கள்?"

"விருப்ப ஓய்வு பெற்றேன்."

"விரும்பினால் சீக்கிரமே வாங்க முடிகிற பென்ஷன் இல்லையே அது."

"இங்கே இல்லைங்க. ஸ்டேட்டில்."

"எந்த ஸ்டேட்?"

"தமிழ்நாடு."

விசைப்பலகை தட்டும் சத்தம். "அது ஒரு தேசமா?"

அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால், பெயரிலேயே நாடு இருக்கிறதே என்று என்னை மடக்கியிருப்பாள். இல்லை, தேசம் இந்தியா, இது அதற்குள் இருக்கிற ஸ்டேட் என்றேன். அப்படியானால் சென்ட்ரல் இல்லையா என்று அவள் கேட்டிருந்தால் எனக்குக் கண்ணீரே வந்திருக்கும். அவள் கேட்கவில்லை. பொறுமையாக விளக்கினாள். இந்த நாட்டில் ஸ்டேட் பென்ஷன் என்றால், வயதாகிவிட்ட எல்லாருக்கும் அரசு தருகிற முதியோர் பணம். நான் அந்தக் கட்டத்தை நிரப்பியதால், பதினான்கு வருஷத்துக்கு முன்கூட்டியே கிழவனாகிவிட்டதாக அவர்கள் கணினி திகைத்து நிற்கிறது.

இருவரும் சிரித்தோம். அந்த வாரத்தில் என்னோடு சேர்ந்து சிரித்த முதல் ஆள் அவள்தான்.

பிறகு அவள் குரல் அலுவலுக்குத் திரும்பியது. "ஓர் அரசுக்குச் செய்த பணிக்காக அந்த அரசு தருகிற பென்ஷன் என்றால் அதற்குத் தனி விதி. இரண்டு நாடுகளுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. நீங்கள் செய்த பணி எந்தத் தன்மையானது?"

"கிளெரிக்கல்" என்றேன்.

3

வேறு என்ன சொல்ல?

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது பணி. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே விட்ட இடைவெளியில் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது பணி. "ஐயா வாங்க, சாப்பிட்டீகளா?" என்று கம்பெனி முதலாளி கூப்பிடும்போது, சாப்பிட்டாச்சு என்று பசியோடு சொல்வது பணி. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு மத்தியானம் வானம் இரண்டு முறை அதிர்ந்தபோது, ஜீப் வருவதற்குள் யாருடைய பைக்கிலாவது தொற்றிக்கொண்டு ஓடுவது பணி.

அந்த முறை அரசு மருத்துவமனை வேப்பமரத்தடியில் நிவாரணக் காசோலையைக் கொடுக்க நான்தான் போனேன். வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கணவன் கலவை அறையில் இருந்தவன். அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல வரி எதுவும் புடிப்பாகளா?" என்று கேட்டாள்.

"இதுக்கெல்லாம் வரி கிடையாதும்மா."

"நல்லாத் தெரியுமா சார்? பிறகு வந்து கேப்பாகளோ?"

"கேக்க மாட்டாங்க."

அவள் தலையாட்டினாள். பக்கத்தில் இருந்தவளிடம், "ஆபீசரு சொல்லிட்டாரு" என்றாள். அரசாங்கம் என்றால் அந்த நேரத்தில் அவளுக்கு நான்தான். வெயிலில் வியர்த்து நின்ற ஓர் ஒல்லி ஆள். பிடிக்க மாட்டார்கள் என்று என் வாயால் சொன்னால் பிடிக்க மாட்டார்கள்.

இங்கே என் வாயால் எது சொன்னாலும் அடுத்த வரியில், "மன்னிக்கவும், மறுபடி சொல்ல முடியுமா?"

4

கிளெரிக்கல் என்பது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. "அப்படியானால் இந்தப் பென்ஷனுக்கு நாங்கள் வரி கேட்க முடியாது. கொடுக்கிற அரசின் நாட்டுக்கு மட்டும்தான் அந்த உரிமை. படிவத்தில் அதை நீக்கிவிடுகிறேன்."

நன்றி சொன்னேன்.

"ஒரு விலக்கு மட்டும் உண்டு" என்றாள். "இங்கே வசித்துக்கொண்டே நீங்கள் இந்த நாட்டுக் குடிமகனும் ஆகிவிட்டால் அந்த உரிமை எங்களுக்கு மாறிவிடும். அங்கே கட்ட வேண்டியதில்லை. அப்படி ஏதும் யோசனை இருக்கிறதா?"

சாப்பாட்டு மேசைமேல் மதியின் மடிக்கணினி திறந்தே இருந்தது. அதில் என் குடியுரிமை விண்ணப்பம். பரீட்சை எழுதிப் பாஸ் ஆகிவிட்டேன். இந்த ஊர் ராஜாக்களின் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். செல்வராணியும் மதியும் போன வருஷமே ஆகிவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொத்தானை அழுத்துவது. மதி ஜனவரியில் லண்டனுக்குப் போகிறாள், வேலைக்கு. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆறு வாரமாக என் பின்னால் அலைகிறாள்.

"இன்னும் முடிவு செய்யவில்லை" என்று அந்த முகம் தெரியாத பெண்ணிடம் சொன்னேன். வீட்டில் இருப்பவர்களிடம் அதுவரை சொல்லாத வாக்கியம் அது.

அன்று சாயங்காலம் செல்வராணியிடம், "வரிச் சிக்கல் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் பொறுப்போம்" என்றேன். குரலில் நல்ல கவலையைச் சேர்த்துக்கொண்டேன். உள்ளே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பள்ளிக்கூடம் திடீரென்று லீவு விட்ட மாதிரி இருந்தது.

5

கடையில் இது பட்டாசுக் காலம். இவர்களுக்கு நவம்பர் முதல் வாரத்தில் ஒரு வெடித் திருநாள் உண்டு. எங்கள் கடையில் பட்டாசைப் பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிறார்கள். அதை அடுக்குவதற்கு முன் எனக்கு அரை மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். இது தீப்பிடிக்கும், இதன் பக்கத்தில் புகைக்கக் கூடாது, பெட்டியைக் கீழே போடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். முடிந்ததும் மேலாளரிடம், என் பிள்ளை வயசுப் பையன், "நான் முன்பு பட்டாசு ஆலைகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருந்தேன்" என்றேன்.

"அருமை!" என்றான் அவன். நிஜமாகவே மகிழ்ச்சியோடு சொன்னான். பிறகு ரொட்டி அடுக்கு காலியாகிவிட்டது, அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டான்.

பார்த்தேன். ரொட்டிகளை முன்னால் இழுத்து வரிசையாக வைத்தேன். தேதி பழையது முன்னால், புதியது பின்னால். கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பெட்டிகளைப் பார்த்தபடி ஒரு வயதான பெண்மணி என்னிடம் வந்து இது எங்கே தயாரானது என்று கேட்டாள். அட்டையைப் புரட்டிப் படித்தேன். சீனா. எங்கள் ஊர் இல்லை. ஏனோ மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னேன்.

பெரும்பாலான நாட்கள் இப்படித்தான். செல்வராணிக்கு ஷிப்ட். மதிக்கு அவளுடைய உலகம். எனக்கு மழை. குழம்பைச் சூடு பண்ணி, ரேடியோவை முணுமுணுக்க விட்டு, நானே எனக்குப் பரிமாறி, நானே போதும் என்று சொல்லிக்கொள்வேன்.

6

ஓய்வு பெற்ற அன்று என் நண்பன் கணேசபாண்டியன் கருவூலத்துக்கு எதிரே டீக்கடையில் வைத்து எனக்கு வகுப்பெடுத்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அவன் அப்போது சார்நிலைக் கருவூலத்தில் கணக்கர். ஒன்றாகத் தேர்வு எழுதி, ஒன்றாக வேலைக்கு வந்தவர்கள்.

"கேளுலே மாப்ளே. ஒனக்கு வர்ற பணிக்கொடை, வரி கிடையாது. பென்ஷன்ல ஒரு பங்க முன்கூட்டி மொத்தமா வாங்குற பாரு கம்யூட்டேஷன், அதுக்கும் கிடையாது. எடுக்காத லீவுக்குக் குடுக்கிற சம்பளம், அதுவும் கிடையாது. அரசாங்கத்துக்காரனுக்கு மூணும் முழுசாக் கழிஞ்சிரும். கம்பெனிக்காரனுக்கு ஆயிரத்தெட்டு உச்சவரம்பு."

"அப்ப வரியே இல்லையா?"

"அம்புட்டு ஆசையா? மாசாமாசம் வருது பாரு, அதுக்கு உண்டு. அத எந்தத் தலைப்புல காட்டணும் தெரியுமா? சம்பளம்."

"வேலையே பாக்கலியே, சம்பளம்னா?"

"நீ பாக்கலேன்னு நீ சொல்ற. சட்டத்துக்கு நீ இன்னும் வேலைதாம்லே பாக்குற. நீ செத்தப்புறம் தங்கச்சி செல்வராணிக்குக் குடும்பப் பென்ஷன் போகும்லா, அது சம்பளம் இல்ல. அது இதர வருமானம்."

அன்று சிரித்தேன். இங்கே வந்த பிறகு, பேச ஆளில்லாத பகல்களில், அந்த ஒரு சொல்லை வாயில் போட்டு மெதுவாகக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம். உலகத்தில் எங்கோ ஒரு சட்டத்தின் ஒரு பத்தியில் நான் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கையில் பையோடு. ஆமத்தூர் போகிற ரோட்டில். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தலைப்பின் கீழ் தொகையை எழுதி, அதற்குரிய சின்ன வரியைக் கட்டும்போது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கும்.

யாரிடம் சொல்ல இதை? சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயமும்தான்.

7

ஞாயிற்றுக்கிழமை மதியம். மூவரும் வீட்டில் இருக்கிற அபூர்வம். செல்வராணி அடுப்படியில் கருவாடு வறுக்கலாமா, பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் செய்வார்களா என்று ஜன்னல்களோடு ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தாள். மதி மடிக்கணினியோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உன் டாக்ஸ் பிராப்ளத்த நான் பாத்துட்டேன். பிராப்ளமே இல்ல."

"என்ன பாத்த?"

"நீ இங்க சிட்டிசன் ஆனா பென்ஷன இங்கதான் காட்டணும், ஓகே? ஆனா உன் கடைச் சம்பளத்தையும் பென்ஷனையும் சேத்தாலும் இங்க வரி கட்டுற அளவுக்கு வரல. அப்போ ஜீரோ. இந்தியாவுக்கும் ஜீரோ. இப்பதான் நீ கட்டிட்டு இருக்க." அவள் கண்கள் மின்னின. சிக்கலை அவிழ்த்துவிட்ட பிள்ளையின் முகம். "நீ சொன்னதுக்கு உல்டாப்பா."

எனக்கு ஒரு வினாடி மேசை நகர்ந்த மாதிரி இருந்தது.

"அது அப்படி இல்லம்மா. கணேசபாண்டியன் மாமாட்ட கேக்கணும்."

"கேக்கலாமே" என்றவள், நான் தடுப்பதற்குள் என் போனை எடுத்து அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"என்னலே!" என்று அறை முழுக்க விருதுநகர் நிறைந்தது. "அதிசயமா இருக்கு."

"மாமா, நான் மதி. நல்லா இருக்கீங்களா? ஒரு டவுட் கேக்கணும், நீங்க பிஸியா?"

"அடடே, கேளு தாயி. மாமனுக்கு என்ன பிஸி? நானும் விருப்ப ஓய்வு வாங்கியாச்சுல்லா. தீவாளி சீசன் முடிஞ்சு ஊரே தூங்குது."

அவள் கேட்டாள். ஆங்கிலம் கலந்த தமிழ்தான், ஆனால் கேள்வி நேராக இருந்தது. எதிர்முனையில் அவன் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டான். பிறகு அவன் சொன்னான்: "பிள்ளை சொல்றது கரெக்ட்டுதாம்லே. அந்த ஊருக்காரனாயிட்டீன்னா இங்கன வரி கேக்க முடியாது. ஒன் கெதி தெரியுமா? எனக்கும் ஒனக்கும் ஏறக்குறைய ஒரே பென்ஷன். நான் ஒரு பைசா கட்டல. இங்கன குடியிருக்கிறவனுக்கு வரியில தள்ளுபடி உண்டு. ஒனக்குக் கிடையாது, நீ வசிக்காதவன். இங்கன இல்லேங்கிறதுக்காகத்தான் நீ கட்டிக்கிட்டு இருக்க."

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா? தெரிஞ்சா பிறகென்ன? பொத்தான அமுக்கித் தொலைய வேண்டியதுதானே?" நான் பேசவில்லை. முப்பது வருஷப் பழக்கம். என் மௌனம் அவனுக்குத் தமிழ் மாதிரி. "ஏலே... காசு குடுத்தா இந்தியனா இருக்க?"

அடுப்படியிலிருந்து செல்வராணி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. "கேளுங்கண்ணே நல்லா! ஊர்ல அவனவன் வரிய எப்படி ஏய்க்கலாம்னு அலையுறான். எனக்கு வாச்சவரு, கட்ட விடுங்கன்னு அலையுறாரு." கணேசபாண்டியனும் சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்தோம்.

மதி சிரிக்கவில்லை.

"அப்போ டாக்ஸ் இல்ல காரணம்" என்றாள்.

"இல்ல."

"உனக்கு முன்னாடியே தெரியுமா, இது ஜீரோன்னு?"

"அம்புட்டுத் தெளிவாத் தெரியாது. தேடிப் பாக்கல."

அவள் மடிக்கணினியின் விளிம்பை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், ஆங்கிலத்தில் ஆரம்பித்து, நிறுத்தி, தமிழில் சொன்னாள்: "போன தடவை ஊர்ல இருந்து வந்தோம்ல. ஏர்போர்ட்ல நானும் அம்மாவும் அந்தப் பக்கம் வந்துட்டோம். உன்ன மட்டும் நிறுத்தி வச்சுட்டாங்க. ரொம்ப நேரம். கண்ணாடி வழியா உன்னப் பாத்தேன்ப்பா. கைய இப்படிக் கட்டிக்கிட்டு, எது கேட்டாலும் சிரிச்சுக்கிட்டு... நீ யாரோ மாதிரி நின்ன. எனக்குப் பயமா இருந்துச்சு. நான் லண்டன் போயிட்டா, அம்மாவும் இல்லாதப்போ, மறுபடி அப்படி ஒரு இடத்துல நீ நிப்ப. அதுக்குத்தான் கேக்குறேன்."

இதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. ஆறு வாரமாக அவள் துரத்தியது ஒரு பாஸ்போர்ட்டுக்காக என்று நினைத்திருந்தேன்.

"மதி, அங்கன நான் ஒரு ஆளும்மா" என்றேன். "சம்பளம்னு எழுதுறாங்க. நான் அழுத்திட்டா அதுவும்..." ஊர்த் தமிழும் கோப்புத் தமிழும் கலந்து நாக்கு எங்கேயோ சிக்கியது. வேப்பமரத்தடியைச் சொல்லலாமா என்று பார்த்தேன். எங்கிருந்து தொடங்குவது?

"இங்க ஆளு இல்லையா?" என்றாள். "எங்களுக்கு?"

அதற்குப் பதில் இருந்தது. ஒரு சொல்தான். அதைச் சொன்னால் அடுத்து என் விரல் பொத்தானுக்குப் போக வேண்டும். கருவாடு தீயும் வாசனை வந்தது. செல்வராணி ஜன்னலைத் திறந்தாள்; குளிர் உள்ளே வந்தது.

"எனக்கு வேண்டாம்மா" என்றேன். "நான் இப்படியே இருந்துக்கிறேன்."

மதி என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அழுகையாவது வரும் என்று. அவள் விண்ணப்பத்தை மூடி, கணினியையும் மெதுவாக மூடினாள்.

"சரிப்பா. உங்க இஷ்டம்."

பேச்சு வந்த நாளிலிருந்து அவள் என்னை நீ என்றுதான் சொல்லியிருக்கிறாள். பெரியவர்களை நீங்க என்று சொல்லு என்று செல்வராணி அதட்டுவாள். "அப்பா பெரியவங்க இல்ல, அப்பா" என்பாள் மதி. நீங்க என்பது அவளுக்குத் தூதரகத்து அதிகாரி, கணேசபாண்டியன் மாமா, கல்யாண வீட்டில் கன்னத்தைக் கிள்ளுகிற பெயர் தெரியாத உறவுக்காரர்கள்.

எழுந்து மாடிப்படியில் ஏறினாள். பாதியில் இருக்கும்போது, "மதி" என்று கூப்பிட்டேன்.

நின்றாள். கைப்பிடியில் கை வைத்தபடி, நல்ல பிள்ளையாக, முழுசாகத் திரும்பினாள்.

"சொல்லுங்கப்பா" என்றாள்.